விடை வேண்டி நிற்கும் துயரம்: 'அமைதியற்ற கல்லறை' என்னும் ஆங்கிலக் கதைப்பாடல் பற்றிய ஒரு திறனாய்வு

காதலின் பிரிவைப் பாடும் பாடல்களை இறையியல் பயில்வோர் பெரும்பாலும் பொருட்படுத்துவதில்லை. அவை உலகியல் சார்ந்தவை, இளமையின் மயக்கத்தில் பிறந்தவை, திருச்சபையின் கவலைக்கு அப்பாற்பட்டவை என்னும் எண்ணம் நம்மிடையே வேரூன்றியுள்ளது. ஆனால் அடக்க ஆராதனை முடிந்து, கல்லறைத் தோட்டத்தினின்று யாவரும் திரும்பிய பின்னர், துயருற்றவர் தனித்திருந்து எண்ணுபவை எவை என்பதை நம் இறையியல் நூல்களைவிட இத்தகைய பாடல்கள் சில வேளைகளில் நன்கு அறிந்துள்ளன. இன்னும் ஒருமுறை அவரைக் காணக் கூடாதா? ஒரு சொல் கேட்கக் கூடாதா? சொல்லாமல் விட்டதைச் சொல்லி முடிக்கக் கூடாதா? பாதியில் அறுந்துபோன உறவுக்கு ஒரு முடிவைத் தேடும் இவ்வேட்கை, இழப்பை அறிந்த ஒவ்வோர் உள்ளத்திலும் உண்டு. பல நாள் சென்ற பின்னரும் அது தணிவதில்லை.

இவ்வேட்கையை நேர்முகமாகப் பாடிய பாடல் ஒன்றை ஈண்டு ஆராய விழைகிறோம். 'தி அன்குவயட் கிரேவ்' என்று ஆங்கிலத்தில் வழங்கும் அக்கதைப்பாடலை 'அமைதியற்ற கல்லறை' என நாம் குறிப்போம். தமிழில் 'விடை' என்னும் சொல் இரு பொருள் தரும். கேள்விக்குக் கிடைக்கும் மறுமொழியும் விடை. பிரிந்து செல்லப் பெறும் இசைவும் விடை. இப்பாடலில் வரும் காதலன் முதலாவது பொருளில் விடை கேட்கிறான்; இரண்டாவது பொருளில் விடை பெறுகிறான். இந்த மாற்றம் எவ்வாறு நிகழ்கிறது என்பதும், அதைக் கிறிஸ்தவ நம்பிக்கை எவ்வளவுக்கு ஏற்கலாம் என்பதுமே நம் ஆய்வுப் பொருள்.

1. பாடலின் வரலாறு

இங்கிலாந்தின் சிற்றூர் மக்களிடையே வாய்மொழியாக வழங்கிய பாடல் இது. இயற்றியவர் பெயர் இதற்கில்லை. ஹார்வர்டு பல்கலைக்கழகப் பேராசிரியராயிருந்த பிரான்சிஸ் ஜேம்ஸ் சைல்டு, இங்கிலாந்து, ஸ்காட்லாந்து ஆகிய நாடுகளின் கதைப்பாடல்களை ஆராய்ந்து 305 பாடல்களாக வகுத்தார். 1882 முதல் 1898 வரை பகுதி பகுதியாக வெளிவந்த அப்பெருந்தொகுப்பில் இப்பாடல் 78ஆம் எண்ணைப் பெற்றுள்ளது. சசெக்ஸ் மாவட்டத்துப் பெண் ஒருத்தி பாடக் கேட்டு எழுதப்பட்ட வடிவமே அங்கு முதலில் நிற்கிறது. நமக்குக் கிடைத்துள்ள வடிவங்கள் 19ஆம் நூற்றாண்டிலும் அதற்குப் பின்னரும் எழுதப்பட்டவை. ஆதலின் இது இடைக்காலத்துப் பாடல் என்று கொண்டு, அதன்மேல் பெரிய முடிபுகளைக் கட்டுவது முறையன்று.

இப்பாடலைத் தேடித் தொகுத்தவர்களுள் ஆயர் ஒருவரும் இருந்தார் என்பது நம் வாசகர்களுக்கு ஆர்வமூட்டும் செய்தியாகும். ஆங்கில ஆராதனைகளில் நன்கறியப்பட்ட 'ஆன்வர்டு கிறிஸ்டியன் சோல்ஜர்ஸ்' என்னும் ஞானப்பாடலை 1865இல் இயற்றிய சபைன் பேரிங்-கூல்டே அவர். 1881 முதல் டெவன் மாவட்டத்தில் லூ டிரெஞ்சர்டு என்னும் சிற்றூரின் ஆயராகப் பணியாற்றிய அவர், 1888 முதல் முதிய உழவர்களையும் கைவினைஞர்களையும் தேடிச் சென்று அவர்கள் பாடல்களைக் கேட்டு எழுதினார். அவர் வெளியிட்ட மேற்குப் பகுதிப் பாடல் தொகுப்பில் இக்கதைப்பாடலின் ஒரு வடிவமும் இடம் பெற்றது. அணிவகுத்து முன்செல்லும் திருச்சபையைப் பாடியவர், கல்லறையினின்று எழ மனமில்லாத காதலனின் பாடலையும் காத்துத் தந்தார். இவ்விரண்டும் ஒரே ஆயரின் உள்ளத்தில் இடம் பெற்றன என்பதை நாம் நினைவிற்கொள்ளுதல் நலம்.

யாப்பு முறையிலும் இப்பாடல் நமக்கு அயலானதன்று. நான்கு அசையழுத்தங்களும் மூன்று அசையழுத்தங்களும் மாறி மாறி வரும் நான்கடிச் செய்யுளால் இயன்றது இது. சீர்திருத்தத் திருச்சபையின் சங்கீதப் பாட்டுகளும் ஞானப்பாடல்கள் பலவும் ஏற்ற பொதுச் சந்தம், அதாவது 'காமன் மீட்டர்', இதுவேயாகும். ஞாயிறன்று ஆலயத்தில் துதி பாடிய மக்கள், வாரநாட்களில் அதே சந்தத்தில் தம் இழப்பையும் பாடினர்.

2. பாடல் கூறும் நிகழ்ச்சி

காற்று வீசுகிறது, சில மழைத்துளிகள் விழுகின்றன. பாடல் இவ்வளவு எளிமையாகத் தொடங்குகிறது. காதலன் பேசுகிறான். அவனுக்கு ஒரே காதலிதான் இருந்தாள். அவள் இப்போது குளிர்ந்த கல்லறையில் கிடக்கிறாள். எந்த இளைஞனும் தன் காதலிக்குச் செய்யக்கூடியதைத் தானும் செய்வேன் எனக் கூறி, பன்னிரண்டு மாதமும் ஒரு நாளும் அவள் கல்லறைமேல் அமர்ந்து துக்கங்கொண்டாட உறுதி பூணுகிறான். சில வடிவங்களில் துக்கிப்பவள் பெண், இறந்தவன் ஆண். நிகழ்ச்சி மாறுவதில்லை.

குறித்த காலம் நிறைவுற்றதும் இறந்தவள் பேசுகிறாள். தன் கல்லறையில் அமர்ந்து அழுது, தன்னை உறங்கவிடாதிருப்பவர் யார் என்று வினவுகிறாள். அவன் தன்னை அறிவித்து, களிமண்போல் குளிர்ந்த அவள் இதழ்களில் ஒரே ஒரு முத்தம் வேண்டும், வேறொன்றும் வேண்டியதில்லை என்கிறான். அவளோ, தன் மூச்சில் மண்ணின் வாடை வீசுகிறது என்றும், அம்முத்தத்தைப் பெற்றால் அவன் நாட்கள் நீடியா என்றும் எச்சரிக்கிறாள். பின்னர் இருவரும் உலாவிய பசுந்தோட்டத்தை நினைவூட்டுகிறாள். அங்கே அவர்கள் கண்டவற்றுள் மிக அழகான மலர் வாடி வெறுந்தண்டாயிற்று; நம் இதயங்களும் அவ்வாறே அழியும். ஆகவே, கடவுள் உன்னை அழைக்குமளவும் மன அமைதியோடிரு என்று கூறி முடிக்கிறாள்.

பாடல் அத்துடன் நின்றுவிடுகிறது. காதலன் எழுந்து சென்றானா? அழுதானா? முத்தத்தைப் பெற்று மடிந்தானா? நமக்குச் சொல்லப்படவில்லை. அவள் எதனால் இறந்தாள் என்பதும் இவ்வடிவத்தில் இல்லை. பெயர்களும் இல்லை. கதை கூறுவோன் இடையே புகுந்து அறம் உரைப்பதும் இல்லை. உரையாடல் மட்டுமே உண்டு. கேட்போர் தம் இழப்பைக் கொண்டுவந்து வைக்கத்தக்க வெற்றிடத்தை இச்சிக்கனம் உண்டாக்குகிறது. பாடலின் ஆற்றலுக்கு இதுவே முதற் காரணம் என்பது நம் கருத்து.

3. இறந்தவளின் மூன்று மறுமொழிகள்

அவள் தரும் மறுமொழிகள் மூன்று. அவற்றை முறையே நோக்குவோம்.

முதலாவது, உறங்கவிடாதிருப்பவர் யார் என்னும் வினா. மிகுந்த அழுகை இறந்தோரின் இளைப்பாறுதலைக் குலைக்கும் என்னும் நாட்டார் நம்பிக்கை இதன் பின்னணியாகும். கிரிம் சகோதரர்கள் தொகுத்த ஜெர்மானியக் கதைகளுள் ஒன்றிலும் இது காணப்படுகிறது. ஏழு வயதுப் பிள்ளையை இழந்த தாய் இரவும் பகலும் அழுகிறாள். பிள்ளை தன் சவத்துணியுடன் தோன்றி, அவள் கண்ணீரால் அத்துணி உலராதிருப்பதால் தான் உறங்க முடியவில்லை என்கிறான். அவள் தன் துயரத்தைக் கடவுளிடம் ஒப்படைத்து அமைகிறாள். அவனும் அமைதி பெறுகிறான். இந்நம்பிக்கையை நாம் கோட்பாடாக ஏற்க இயலாது. கிறிஸ்துவுக்குள் நித்திரையடைந்தோரின் இளைப்பாறுதல் நம் கண்ணீரின் அளவைப் பொறுத்ததன்று. எனினும் உயிரோடிருப்பவனைப் பற்றிய உண்மை ஒன்று இதனுள் அடங்கியுள்ளது. உண்மையில் அமைதியற்றது கல்லறையா, அதன்மேல் அமர்ந்திருப்பவனா? அவளை விடாது பற்றியிருப்பதாக எண்ணும் அவன், தன் துயரத்தைத்தான் பற்றியிருக்கிறான். அவள் யார் என்று கேட்கும் அளவுக்கு அவன் அவளுக்கு அயலானாகிவிட்டான்.

இரண்டாவது, முத்தத்தை மறுத்தல். அவன் கேட்பது சிறியதுபோல் தோன்றுகிறது. ஒரு முத்தம், அதன்பின் அமைதி. 'இது ஒன்று மட்டும் கிடைத்தால் போதும், பிறகு எழுந்து போய்விடுவேன்' என்று துயரம் எப்போதும் கூறும். ஆனால் அம்முத்தம் முடிவைத் தராது, சாவைத் தரும் என்பதை அவள் அறிவாள். ஈண்டு அன்பு தன்னைக் காட்டும் முறையே மறுத்தலாகும். அவள் உயிரோடிருந்தபோது அவனுக்குத் தந்த எதையும்விட இம்மறுப்பே பெரிய கொடை எனலாம். இக்கதைப்பாடலின் வேறு சில வடிவங்களில் அவள் அவனுக்கு இயலாத பணிகளை விதிக்கிறாள். கல்லிலிருந்து குருதியையும், ஆண் தொடர்பறியாத கன்னியின் மார்பினின்று பாலையும் கொண்டுவருமாறு கேட்கிறாள். நீ கேட்பதும் இவை போன்றதே என்பது குறிப்பு.

மூன்றாவது, வாடிய மலர். அவள் அவனுக்கு மறுவுலகக் காட்சி எதையும் விவரிப்பதில்லை. இருவரும் நடந்த தோட்டத்தையே காட்டுகிறாள். அந்த அன்பு பொய்யன்று; அம்மலர் உண்மையாகவே அழகாயிருந்தது; அது வாடியதும் உண்மை. இவ்விரு உண்மைகளையும் ஒருங்கே ஏற்கும்படி அவனை அழைக்கிறாள். மறந்துவிடு என்று அவள் சொல்லவில்லை என்பது நோக்கற்பாலது. நினைவைத் தந்துவிட்டே அவள் விடை தருகிறாள்.

4. புலம்பல் பாவமா?

இப்பாடலின் சிறப்பை உணர, இதே பொருளைப் பாடிய மற்றொரு கதைப்பாடலோடு இதை ஒப்பிடல் வேண்டும். ஜெர்மானியக் கவிஞர் காட்பிரீட் ஆகஸ்ட் பியூர்கர் 1773இல் எழுதி முடித்த 'லெனோரெ' ஐரோப்பா முழுவதும் புகழ்பெற்றது. பியூர்கர் லுத்தரன் போதகர் ஒருவரின் மகன்.

பிராகா நகர்ப் போருக்குச் சென்ற வில்ஹெல்ம், சமாதானமாகிப் படை திரும்பியபோது அதனுடன் வரவில்லை. அவன் காதலி லெனோரெ தலைமயிரைப் பிடுங்கிக்கொண்டு தரையில் விழுகிறாள். தாய் அவளைத் தேற்றுகிறாள். கடவுள் செய்வது நலமே என்கிறாள். கர்த்தர் கற்பித்த ஜெபத்தைச் சொல்லுமாறு வேண்டுகிறாள். திருவிருந்து துயரத்தைத் தணிக்கும் என்கிறாள். கடவுள் தனக்கு நலம் செய்யவில்லை என்றும், எந்தத் திருவிருந்தும் இறந்தோரை உயிர்ப்பிக்காது என்றும் மகள் மறுமொழி கூறுகிறாள். அன்றிரவே வில்ஹெல்ம் குதிரையேறி வருகிறான். மணப்படுக்கைக்கு என்று அழைத்துக்கொண்டு நெடுந்தொலைவு விரைகிறான். சென்றடைவது இடுகாடு. அவன் எலும்புக்கூடாகிறான். இதயம் உடைந்தாலும் கடவுளோடு வழக்காடாதே என்று ஆவிகள் ஊளையிடப் பாடல் முடிகிறது.

இரு பாடல்களிலும் இறந்த காதலரை அடைய வேண்டும் என்னும் வேட்கை ஒன்றே. ஆனால் 'லெனோரெ'யில் அவ்வேட்கை நிறைவேறுகிறது, அந்நிறைவே தண்டனையாகிறது. 'அமைதியற்ற கல்லறை'யில் அது மறுக்கப்படுகிறது, அம்மறுப்பே இரக்கமாகிறது. முன்னதில் புலம்பல் தெய்வ நிந்தனை. பின்னதில் புலம்பல் கேட்கப்படுகிறது. அதற்கு மென்மையான மறுமொழி கிடைக்கிறது.

திருமறையின் சார்பு எது? லெனோரெயின் சொற்களைவிடக் கடுமையான சொற்களை யோபு பேசினார், எரேமியா பேசினார். எண்பத்தெட்டாம் சங்கீதம் ஆறுதலின்றி இருளிலேயே முடிகிறது. ஆயினும் அது வழிபாட்டு நூலில் இடம் பெற்றது. ராகேல் ஆறுதலடைய மறுத்தாள் என்று எரேமியா கூறுகிறார் (31:15), அம்மறுப்புக்காகக் கடவுள் அவளைக் கடிந்துகொள்ளவில்லை, அவளோடு பேசுகிறார். லெனோரெயின் தாய் சொன்னவற்றுள் தவறான கோட்பாடு ஒன்றுமில்லை. யோபின் நண்பர்களும் பல மெய்ம்மைகளைக் கூறினர். உரிய நேரத்திற்கு முன்னர் உரைக்கப்படும் மெய்ம்மை துயருற்றவனைக் கடவுளிடமிருந்தே விரட்டிவிடக்கூடும். பன்னிரண்டு மாதமும் ஒரு நாளும் அவனை அழவிட்ட பின்னரே கல்லறை பேசியது என்பதை நம் போதகர்கள் கருத்திற்கொள்ள வேண்டும்.

5. திருச்சபை மெளனமான இடம்

இறந்தவள் பேசும் இப்பாடலைப் பாடிய மக்கள் புராட்டஸ்டண்டு சமயத்தவர். இங்கிலாந்துத் திருச்சபையின் பொது ஜெப நூலின்படியே அவர்கள் தம் இறந்தோரை அடக்கம் செய்தனர். அந்நூலின் வரலாற்றில் ஒரு மாற்றம் நம் கருத்தைக் கவர்கிறது. 1549ஆம் ஆண்டு நூலில், உடல்மேல் மண்ணைத் தூவும் குருவானவர் இறந்தவரையே முன்னிலைப்படுத்தி, அவர் ஆன்மாவைக் கடவுளிடம் ஒப்படைப்பதாகக் கூறுவார். 1552ஆம் ஆண்டு நூலில் அம்முன்னிலைப் பேச்சு நீங்கியது. இறந்தவர் படர்க்கையானார், குருவானவர் சுற்றி நிற்போரிடம் பேசினார். 1662ஆம் ஆண்டு நூலும் இம்முறையையே தொடர்ந்தது. நம் முன்னோர் தமிழில் பயன்படுத்திய ஜெப நூலும் அவ்வழி வந்ததே.

இம்மாற்றத்திற்குச் சீர்திருத்தவாதிகள் கொண்டிருந்த காரணம் தெளிவானது. உத்தரிக்கும் தலம் பற்றிய கோட்பாட்டையும், இறந்தோருக்காகப் பணம் செலுத்திப் பூசை செய்விக்கும் வழக்கத்தையும் அவர்கள் களைய விரும்பினர். கிறிஸ்துவின் பலி ஒன்றே போதும் என்னும் நற்செய்தி அதற்கு அடிப்படையாயிருந்தது. அதை நாம் குறை கூறுவதற்கில்லை. ஆயினும் இறந்தவரை நோக்கிச் சொல்ல வேண்டிய ஒரு சொல் மனிதருக்கு உண்டு. வழிபாடு அதற்கு இடம் அளிக்காதபோது அச்சொல் அழிந்துவிடுவதில்லை. வயலிலும் அடுக்களையிலும் பாடலாகிறது. இக்கதைப்பாடல் வழிபாட்டு மாற்றத்தால் பிறந்தது என்று நாம் வாதிடவில்லை. இதன் காலம் அவ்வாதத்திற்கு இடந்தராது. ஆனால் வழிபாடு விட்ட வெற்றிடத்தில் இது பாடப்பட்டது என்பதில் ஐயமில்லை.

ஆண்டு நிறைவும் ஒரு நாளும் என்னும் கால அளவும் ஈண்டு பொருளுடையது. துயரத்திற்கு எல்லை வேண்டும். ஆனால் அவ்வெல்லை குறுகியதாயிருத்தல் ஆகாது. அழுவதற்குரிய காலத்தை ஒரு கடமையாக ஏற்று நிறைவேற்றியவனுக்கே விடை கிடைக்கிறது.

6. பாடலின் எல்லை

இதுவரை பாடலின் சிறப்பைக் கூறினோம். அதன் எல்லையையும் கூறாவிடில் நம் திறனாய்வு நிறைவுறாது.

முதலாவதாக, கடவுள் அழைக்குமளவும் அமைதியோடிரு என்னும் முடிவு கிறிஸ்தவ நம்பிக்கையாகுமா? கடவுளின் பெயர் இடம் பெறுவதால் மட்டும் அது நற்செய்தியாகிவிடாது. அழைப்பு வரும் என்று கூறப்படுகிறது. அழைப்பிற்குப் பின் என்ன என்பது கூறப்படவில்லை. இதயங்கள் மலர்போல் அழியும் என்பதோடு பாடல் நிற்கிறது. சில வடிவங்களில் காதலன், நாம் மீண்டும் சந்திப்பது எப்போது என்று கேட்கிறான். மரத்தினின்று உதிர்ந்த கருவாலி இலைகள் மீண்டும் பசுமையாகி மேலெழும்போது என்று அவள் கூறுகிறாள். இதை உயிர்த்தெழுதலின் அடையாளமாகக் கொள்ளப் போதகர்களுக்கு ஆவல் எழலாம். ஆனால் நாட்டார் பாடல் மரபில் இது நிகழவே இயலாததைக் குறிக்கும் வாய்பாடு. வசந்தத்தில் துளிர்ப்பவை வேறு இலைகள், உதிர்ந்தவை திரும்புவதில்லை. வெட்டப்பட்ட மரத்திற்கு நம்பிக்கை உண்டு, மனிதனோ படுத்தபின் எழுவதில்லை என்று யோபு இவ்வேறுபாட்டையே துயரத்தோடு கூறுகிறார் (14:7–12). பாடல் யோபின் அவ்வதிகாரத்தில் நிற்கிறது. அதை விரைந்து ஈஸ்டர் காலைக்கு இழுத்துச் செல்லுதல் பாடலுக்கும் நேர்மையன்று, ஈஸ்டருக்கும் பெருமையன்று.

இரண்டாவதாக, அமைதியோடிரு என்னும் அறிவுரை எல்லாக் கல்லறைகளுக்கும் பொருந்தாது. சவுலின் மறுமனையாட்டியான ரிஸ்பாள், கொல்லப்பட்ட தன் மைந்தரின் உடல்களருகே பாறைமேல் சாக்குத்துணியை விரித்து, அறுவடைத் தொடக்கமுதல் மழை பெய்யுமளவும் பறவைகளையும் விலங்குகளையும் விரட்டிக்கொண்டிருந்தாள் (2 சாமுவேல் 21:10). அவளிடம் சென்று, துக்கத்தை விட்டு வீடு திரும்பு என்று சொல்லியிருந்தால் அது கொடுமையாயிருந்திருக்கும். அவள் எழாதிருந்ததாலேயே தாவீது அரசன் எலும்புகளைச் சேர்த்து அடக்கம் செய்வித்தான். அநீதியால் நேர்ந்த சாவு, அடக்கம் மறுக்கப்பட்ட உடல், உண்மை மறைக்கப்பட்ட இழப்பு ஆகியவற்றின்முன் இப்பாடலின் மன அமைதி பொருந்தாது. அங்கே துக்கங்கொண்டாடுவோரின் பிடிவாதமே நீதிக்கான குரலாகும். இப்பாடல் முறையாக அடக்கம் பெற்ற ஒருத்தியின் கல்லறையருகே பாடப்படுவது. அவ்வளவிலேயே அதன் அறிவுரை மெய்யாகும்.

மூன்றாவதாக, இப்பாடலையும் யோவான் நற்செய்தியின் இருபதாம் அதிகாரத்தையும் அருகருகே வைத்து நோக்குதல் தகும். அங்கும் ஒரு தோட்டம். அங்கும் ஒரு கல்லறை. அங்கும் அழுதுகொண்டிருக்கும் ஒருத்தி. ஏன் அழுகிறாய் என்ற வினா அங்கும் எழுகிறது. தம்மைப் பற்றிக்கொள்ள வேண்டாம் என்று ஆண்டவர் அவளிடம் கூறுகிறார் (20:17). ஆனால் வேறுபாடு பெரிது. ஈண்டுப் பேசுபவள் மண்ணின் வாடையோடு பேசுகிறாள். அங்கே பேசுகிறவர் உயிரோடெழுந்தவர். பாடலில் காதலன் யார் என்று வினவப்படுகிறான்; நற்செய்தியில் மரியாள் பெயர் சொல்லி அழைக்கப்படுகிறாள். பாடலில் காதலனுக்குக் காத்திருக்குமாறு சொல்லப்படுகிறது. மரியாளோ சகோதரரிடம் செய்தியோடு அனுப்பப்படுகிறாள். கதைப்பாடல் விடை கொடுக்கிறது. நற்செய்தி விடை கொடுத்து அனுப்புகிறது. துயருற்றவருக்கு எழுந்து போக ஓர் இடமும், சென்று சொல்ல ஒரு செய்தியும், அவரை ஏற்க ஒரு சகோதரக் கூட்டமும் உண்டு என்பதே உயிர்த்தெழுதலின் ஒளியில் நாம் சேர்த்துச் சொல்ல வேண்டியது.

7. ஆயர் பணிக்கு இதன் பொருள்

துயரம் முற்றாக முடிய வேண்டும், இறந்தவர்மேல் கொண்ட பற்று நீங்க வேண்டும் என்னும் கருத்து நம் காலத்து உளவியலாலும் வலியுறுத்தப்பட்டதுண்டு. சிக்மண்ட் பிராய்டு 1917இல் வெளியிட்ட கட்டுரையில், துக்கத்தின் பணி இழந்தவரிடமிருந்து பற்றை மெல்ல மெல்ல விடுவித்தலே என்றார். ஆனால் தம் மகள் சோபியை 1920இல் இழந்த அவரே, 1929இல் நண்பர் பின்ஸ்வாங்கருக்கு எழுதிய மடலில், அத்தகைய இழப்புக்கு ஈடு ஒருபோதும் கிடைப்பதில்லை என்றும், அவ்வாறு இருப்பதே தகும் என்றும் ஒப்புக்கொண்டார். 1996இல் வெளிவந்த 'தொடரும் பிணைப்புகள்' என்னும் பொருள்படும் ஆய்வுத் தொகுப்பு, துயருற்றோர் இறந்தவரோடு கொண்ட உறவை அறுப்பதில்லை, மாற்றியமைக்கின்றனர் என்று விளக்கியது. சிற்றூர்ப் பாடகர்கள் முன்னரே இதை அறிந்திருந்தனர்.

இறையியல் உலகினர் நன்கறிந்த சி. எஸ். லூயிஸ், தம் மனைவி ஜாய் 1960இல் இறந்தபின் எழுதிய குறிப்புகளை மறு ஆண்டில் புனைபெயரில் வெளியிட்டார். துயரம் கடுமையாயிருந்த நாட்களில் மனைவியின் உருவம் மங்கியது என்றும், அது சற்றே தணிந்தபோதுதான் அவர் தெளிவாக நினைவில் எழுந்தார் என்றும் அந்நூலில் அவர் கூறுகிறார். நம் துக்கம் தமக்குத் தீங்கிழைப்பதாக இறந்தோர் முறையிடும் கதைப்பாடல்களில், தாம் எண்ணியிருந்ததைவிட ஆழமான உண்மை இருக்கக்கூடும் என்றும் அங்கே அவர் எழுதியுள்ளார். நம்பிக்கையின் தர்க்கத்தில் வல்லவராயிருந்த ஒருவர், தம் துயர வேளையில் பெயரற்ற பாடகர்களிடம் பாடம் கேட்டார்.

இவற்றினின்று ஆயர் பணிக்கு மூன்று கருத்துகளை முன்வைக்கிறோம். துயருற்றவரிடம் கோட்பாட்டை உரைக்குமுன் அவர் அழுது முடிக்க இடங்கொடுக்க வேண்டும். அடக்க ஆராதனையோடு நம் கடமை முடிந்ததென எண்ணாமல், ஓராண்டேனும் அவர் இல்லத்தைச் சந்திப்பது சபையின் ஒழுங்காக வேண்டும். சாவு ஏன் நேர்ந்தது என்ற கேள்விக்கு மறுமொழி கூறவேண்டும் என்னும் பதற்றத்தை நாம் விட்டொழிக்க வேண்டும். லாசருவின் கல்லறையருகே ஆண்டவர் ஆணையிடுவதற்கு முன் கண்ணீர்விட்டார். இறுதியாக, இறந்தவரைப் பேரன்போடு நினைவுகூர்வதை அவநம்பிக்கை என்று கடிந்துகொள்ளலாகாது. நம்பிக்கையற்றவர்களைப்போலத் துக்கிக்க வேண்டாம் என்று தெசலோனிக்கேயருக்கு எழுதிய பவுல், துக்கிக்கவே வேண்டாம் என்று எழுதவில்லை.

பாடலைத் தொகுத்த ஆயர் பேரிங்-கூல்டு 1916இல் தம் மனைவி கிரேசை இழந்தார். அவர்கள் மணவாழ்வு 48 ஆண்டுகள் நீடித்தது. தம் உயிரின் பாதி அவர் என்னும் பொருள்படும் இலத்தீன் சொற்களைக் கல்லறைக்கல்லில் பொறிப்பித்தார். பின்னர் 1924இல் தாம் அழைக்கப்படுமளவும் லூ டிரெஞ்சர்டின் ஆயராகவே வாழ்ந்தார். பாதி உயிர் கல்லறையிலிருக்க, மீதிப் பாதியோடு சபையாருக்குத் திருமறையை வாசித்து, திருமணங்களை நடத்தி, குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கொடுப்பது ஆயர்க்குரிய வாழ்வு. இழப்புக்கு முற்றான முடிவு இவ்வுலகில் இல்லை. எழுந்து நடக்க விடை உண்டு. துயரத்தில் அமர்ந்திருப்போருக்கு அவ்விடையைக் கொடுக்கும் தகுதி, முதலில் அவர்களோடு அமர்ந்திருந்தவர்க்கே உரியது.